தூரிகை எழுத்தின் அழகும் பயனும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (கணிதம்)

காலையில் கண் விழித்தது முதல் இரவு கண் மூடும்வரை நம் கண்ணில் படும் எழுத்துகள்தாம் எத்தனை எத்தனை! பால் உறையில் எழுத்து, பேருந்தின் நெற்றியில் எழுத்து, தீப்பெட்டியில் எழுத்து, மளிகைக் கடைப் பலகையில் எழுத்து. அவற்றை நாம் படிக்கிறோமேயன்றிப் பார்ப்பதில்லை. படிப்பது வேறு, பார்ப்பது வேறு. தூரிகையால் எழுதியது போன்ற தோற்றமுடைய அலங்கார எழுத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கணித மாணவனுக்கு இதில் என்ன வேலை என்று எங்கள் துறைப் பேராசிரியர்கள் கேட்கக்கூடும். காரணம் இரண்டு. என் தாய்மாமன் காஞ்சிபுரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுவரிலும் பலகையிலும் எழுதிப் பிழைத்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். என் தந்தையார் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்பவர். சென்ற ஆண்டு ஒரு தூரிகை எழுத்து அவருடைய கூலியில் 800 ரூபாயைக் கரைத்துவிட்டது. அந்தக் கதை பின்னால் வரும்.

முதலில் தூரிகை எழுத்து என்பது யாது எனக் காண்போம். நம் முன்னோர் ஓலையில் எழுத்தாணியால் கீறினார்கள். எழுத்தாணி எங்கே போனாலும் அதன் கோடு ஒரே பருமன்தான். நேர்க்கோடு இழுத்தால் ஓலை நாரோடு கிழியும் என்பதால் எழுத்துகள் உருண்டன. புள்ளி குத்தினால் ஓட்டை விழும் என்பதால் புள்ளியையே பல ஓலைகளில் காணோம். தூரிகையின் குணமோ இதற்கு நேர்மாறானது. அழுத்தினால் மயிர் விரிந்து கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும், விரைந்து இழுத்து விட்டால் வால் நீளும், சாயம் வற்றினால் கோட்டின் நடுவே வெள்ளைக் கீற்றுகள் தெரியும். ஆகவே தூரிகை எழுத்தைப் பார்த்தாலே எழுதியவர் எங்கே தொடங்கினார், எங்கே நிதானித்தார், எங்கே கையை எடுத்தார் என்று சொல்லிவிடலாம். ஒரு கையின் அசைவு உறைந்து நிற்பதுதான் தூரிகை எழுத்து எனலாம்.

அலங்கார எழுத்து நம் ஊருக்குப் புதிதன்று. எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் கயிலாசநாதர் கோயில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவன் இராசசிம்மன் எடுப்பித்தது. அதன் மதிலை ஒட்டிய சிறு சன்னதிகளில் மன்னனின் விருதுப் பெயர்கள் வரிசை வரிசையாகப் பொறிக்கப்பட்டுள்ளன. பல்லவ கிரந்தம், நாகரி என ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளில், கொடியும் சுருளுமாக வால் நீண்ட அலங்கார வடிவங்களும் அவற்றுள் உண்டு. ஹுல்ட்ஸ் என்னும் அறிஞர் 1890-இல் வெளியான தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் இவற்றைப் படித்துத் தந்திருக்கிறார். அந்தச் சுருள்களைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, இவற்றை உளி தானாகப் பெற்றிருக்க முடியாது. உளிக்கு முன்னால் யாரோ ஒருவர் மென்மையான ஒரு கருவியால் கல்லின்மேல் எழுதிக் காட்டியிருக்க வேண்டும் என்பதே. இது என் ஊகம்தான். ஆனால் உரோம் நகரத்து டிராஜன் தூணின் (கி.பி. 113) எழுத்துகள் முதலில் தட்டைத் தூரிகையால் எழுதப்பட்டுப் பிறகே வெட்டப்பட்டன என்று எட்வர்டு கேட்டிச் என்னும் அமெரிக்கப் பாதிரியார் 1968-இல் ஒரு நூலே எழுதினார். அவர் பாதிரியார் ஆவதற்கு முன் விளம்பரப் பலகை எழுதியவர்! பலகை எழுதிய கைக்குத்தான் அந்த இரகசியம் புலப்பட்டது.

நிற்க. கையால் எழுதிய எழுத்து அச்செழுத்தானது எப்படி? ஈய எழுத்துக் காலத்தில் இது எளிய காரியமன்று. ஒவ்வோர் எழுத்தும் ஒரு செவ்வக ஈயக் கட்டையின் தலையில் நிற்கும். கட்டைக்கு வெளியே வால் நீண்டால் அது ஒடிந்துவிடும். வாலை வெட்டினால் தூரிகை எழுத்தின் உயிர் போய்விடும். 1942-இல் அமெரிக்க டைப் பவுண்டர்ஸ் நிறுவனத்துக்காக ராபர்ட் ஸ்மித் என்பவர் ‘பிரஷ் ஸ்கிரிப்ட்’ என்ற எழுத்தை வரைந்தார். பிரான்சில் ரோஜே எக்ஸ்கோஃபோன் 1953-இல் தம் கையெழுத்தையே அடியொற்றி ‘மிஸ்ட்ரால்’ என்பதையும், 1955-இல் தடித்த தூரிகை வீச்சோடு ‘ஷோக்’ என்பதையும் வார்த்துத் தந்தார். ஓரெழுத்தின் வால் அடுத்த எழுத்தின் தலையைச் சரியாகத் தொடும்படி ஆங்கில எழுத்தை அமைத்த அவர் திறமையை வியக்காமல் இருக்க முடியாது. நம் ஊர் ஸ்டூடியோக்களின் ஆங்கிலப் பலகைகளிலும் கணினியில் இந்தச் சாயல் எழுத்துகளை இன்றும் காணலாம்.

தமிழில் நிலைமை வேறு. பெரிய இதழ்கள் கதைத் தலைப்புகளை ஓவியரைக் கொண்டு எழுதச் செய்து, அதைத் துத்தநாகத்தில் பிளாக் எடுத்து அச்சிட்டன. ஒவ்வொரு தலைப்பும் ஒரு முறை பிறந்து அந்த ஒரு பக்கத்தோடு முடிந்துவிடும். இவ்வகையில் ஓவியர் கே. எம். ஆதிமூலத்தைக் (1938–2008) குறிப்பிடாமல் மேலே செல்வது தகாது. ஜூனியர் விகடனில் வந்த கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசிக்கு அவர் வரைந்த கோட்டோவியங்களைப் பலர் அறிவர். இலக்கிய இதழ்களுக்கும் நூல் அட்டைகளுக்கும் அவர் எழுதித் தந்த தலைப்பெழுத்துகள், தமிழ் எழுத்து வழுவழுப்பாக இல்லாமலும் அழகாக இருக்கலாம் என்று காட்டின. எங்களைப் போன்ற நெசவுக் குடும்பத்தாருக்கு அவரிடம் தனி உரிமையும் உண்டு. அவர் பணிபுரிந்தது நெசவாளர் சேவை மையத்தில்!

தமிழில் தூரிகை எழுத்துரு ஒன்றை அமைப்பதில் உள்ள தொல்லை, கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஆங்கிலத்துக்குப் பெரிதும் சிறிதுமாக 52 வடிவங்கள் வரைந்தால் போதும். தமிழில் 247 எழுத்துகள் என்று படித்திருக்கிறோம். அத்தனையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. உயிர் 12, ஆய்தம் 1. அகரமேறிய மெய், புள்ளி மெய், இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் வரிசைக்கு 18 வீதம் 108. துணைக்காலும் கொம்புகளும் ஔகாரச் சிறகும் சேர்ந்து 5. ஆக 126. கிரந்த எழுத்துகள் இதற்குமேல். உகரத்தில் ஒழுங்கே கிடையாது: கு ஒரு விதம், சு ஒரு விதம், து ஒரு விதம், மு ஒரு விதம். ஒவ்வொன்றுக்கும் தூரிகை எந்தப் பக்கம் திரும்பும் என்று தனியாகத் தீர்மானிக்க வேண்டும்.

அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள்: பிள்ளையார்பாளையம். ஒன்பது எழுத்து. அதில் ள என்னும் வடிவம் மூன்று முறை வருகிறது. ப இரண்டு, ய இரண்டு, துணைக்கால் இரண்டு, ஐகாரக் கொம்பு இரண்டு. கையால் எழுதுபவர் மூன்று ளகரத்தையும் ஒரே மாதிரி எழுதமாட்டார். முதலாவதைச் சற்றுச் சுருக்குவார், இரண்டாவதன் வாலை இழுப்பார், மூன்றாவது பலகை ஓரத்தை நெருங்கும்போது இடம் பார்த்து ஒடுக்குவார். எழுத்துருவோ மூன்றையும் ஒரே அச்சில் வார்த்துப் போடும். தமிழில் ம்ம, த்த, ப்ப, ட்ட என்று இரட்டிப்பது மிகுதியல்லவா? ‘அம்மா’ என்று எழுதினாலே இரண்டு மகரமும் இரட்டைப் பிள்ளைகளாக அருகருகே நின்று, இது கையெழுத்தன்று என்று காட்டிக் கொடுத்துவிடும். இதற்கு மருந்தும் இருக்கிறது. 1996-இல் அறிவிக்கப்பட்ட ஓப்பன்டைப் முறையில், ஓரெழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்களை வைத்து, பக்கத்து எழுத்தைப் பார்த்து மாற்றிப் போட வழி செய்யலாம். ஆனால் 126 என்பது 250 ஆகும், 375 ஆகும். யார் வரைவது?

அதே பெயரில் ‘யார்’ என்னும் பகுதியைக் கவனியுங்கள். துணைக்காலுக்கு அடுத்து ரகர ஒற்று. இரண்டுக்கும் வேறுபாடு அடியில் சாய்ந்த ஒரு சிறு கோடும் தலையில் ஒரு புள்ளியும்தான். தூரிகை எழுத்தில் எல்லாக் கால்களுக்கும் அடியில் ஒரு வீச்சு வந்துவிடுவதால் காலும் ரகரமும் கலந்துவிடும். எகரமும் ஏகாரமும் அப்படியே. ஆகவே தமிழில் அலங்காரம் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம், காலடியில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்.

ஊர்ப் பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல ஆசை. பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்று ஆணையிட்டது. அதற்கு முன் ளை என்பதை ளகரத்தின் முன்னே யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழியிட்டு எழுதுவார்கள். அப்படியானால் பழைய பலகைகளில் பிள்ளையார்பாளையம் என்று எழுதினால் இரண்டு தும்பிக்கைகள் வரும்! பிள்ளையாருக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து உண்டா? மாமா தொழில் பழகிய காலத்தில் மூத்த பெயிண்டர்கள் அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் போடுவதைப் பெருமையாகச் செய்வார்களாம். சீர்திருத்தத்தால் அச்சுக்கும் தட்டச்சுக்கும் குழந்தைகளுக்கும் நன்மை விளைந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் தூரிகைக்கு ஒரு விளையாட்டு குறைந்தது.

இனி எங்கள் பாடத்துக்கு வருகிறேன். கணினியில் உள்ள எழுத்துரு தூரிகையின் அசைவைச் சேமிப்பதில்லை. எழுத்தின் எல்லைக் கோட்டைத்தான் சேமிக்கிறது. அந்த எல்லை, பெசியே வளைவுகள் எனப்படும் சிறு சிறு வளைவுகளால் ஆனது. ஒரு வளைவுக்கு நான்கு புள்ளிகள்: தொடக்கம், முடிவு, வளைவை இரு பக்கமும் தம்பால் இழுக்கும் இரண்டு கைப்பிடிகள். இக்கணிதம் எழுத்துக்காகப் பிறந்ததன்று. பிரான்சில் சித்ரோன் கார் நிறுவனத்தில் தெ காஸ்தெல்ஜோ 1959-இலும், ரெனோ நிறுவனத்தில் பியேர் பெசியே 1960-களிலும் கார்களின் உடல் வளைவை வரைவதற்காக இதை வகுத்தார்கள். எல்லையை வரையாமல் எழுதுகோலின் பாதையையே கணக்கில் சொல்ல வேண்டும் என்று எண்ணியவர் ஒருவர் உண்டு. அவர் டொனால்டு நூத். 1970-களின் இறுதியில் அவர் படைத்த மெட்டாஃபாண்ட் அப்படிப்பட்டது. அழகான எண்ணம். ஆனால் எழுத்து வரையும் கலைஞர்கள் எல்லைக் கோட்டையே விரும்பினார்கள், அதுவே நிலைத்தது.

வளைவைச் சொல்லிவிட்டேன், இப்போது கட்டத்தைச் சொல்ல வேண்டும். 800 ரூபாய்க் கதை அங்கேதான் இருக்கிறது.

தறியில் பூ வேலைப்பாடு ஜக்கார்டு பெட்டியால் நெய்யப்படுகிறது. இது 1804-இல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் செய்த கருவியின் வழிவந்தது. எங்கள் வீட்டுத் தறியில் இருப்பது 240 கொக்கிப் பெட்டி. வடிவத்தை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். ஒரு வரிசைக் கட்டத்துக்கு ஓர் அட்டை; அட்டையில் ஓட்டை இருந்தால் அந்தக் கொக்கி பாவு நூலைத் தூக்கும், இல்லையேல் தூக்காது. சென்ற தை மாத முகூர்த்தத்துக்கு ஒரு கடையிலிருந்து சேலை ஒன்று ஆர்டர் வந்தது. முந்தியில் மணமகன், மணமகள் பெயர்களை ஜரிகையில் நெய்ய வேண்டும். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று மணமகன் வீட்டார் கைப்பேசியில் காட்டினார்களாம். நல்ல தூரிகை எழுத்து. மணமகள் பெயரின் முதலெழுத்து ‘தே’.

ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு மேலே உள்ள ஒரு சுழி. அந்த எழுத்துருவில் கீழ்ச்சுழி தடிப்பு, மேற்சுழியோ தூரிகை தூக்கிய இழை. எழுத்தின் உயரத்துக்கு 36 கட்டம் ஒதுக்கினார்கள். தடித்த இடத்துக்கு ஐந்து கட்டம் கிடைத்தது. மெலிந்த இடத்துக்கு அரைக் கட்டம்தான் கிடைத்தது. அரைக் கட்டம் என்று ஒன்று தறியில் இல்லை. நூல் தூக்கும், அல்லது தூக்காது. கணினி அதைத் தூக்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டது. மேற்சுழி மறைந்து ‘தே’ என்பது ‘தெ’ ஆயிற்று. முதல் பெயரை நெய்ததுமே அப்பா கடைக்குச் சொல்லியனுப்பினார். “டிசைன்ல இருக்கறபடி நெய்ங்க” என்று பதில் வந்தது. நெய்தார். முகூர்த்தத்துக்கு முன் பெண் வீட்டார் பார்த்துவிட்டுக் குறை சொன்னபோது கழிக்கப்பட்டது டிசைன் போட்டவரின் கூலியன்று, அப்பாவின் கூலி. அதே முந்தியை எங்கள் மாமாவிடம் காட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. “இந்த மேச்சுழிய ரெண்டு கட்டம் தடிச்சு, கொஞ்சம் திறந்து விட்டிருந்தா நின்னிருக்கும்டா” என்றார். சுவரில் தூரத்திலிருந்து படிக்க எழுதுபவருக்குத் தெரிந்தது அந்தக் கணினிக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து தூரிகை எழுத்துரு எங்கே பயன்படும், எங்கே பயன்படாது என்பதை உய்த்துணரலாம். பெரிதாக, இரண்டு மூன்று சொல்லில், ஒரு நொடியில் மனத்தைத் தொட வேண்டிய இடமே அதற்கு உரியது: திரைப்படப் பெயர், இனிப்புப் பெட்டி, மலரின் அட்டை, பட்டுக் கடைப் பலகை. மணவிழா அழைப்பிதழில் மணமக்கள் பெயருக்கு நன்று. நேரத்துக்கும் மண்டபத்தின் முகவரிக்கும் தீது. முகூர்த்தம் 6-க்கா 9-க்கா என்று உறவினரைத் தொலைபேசியில் கேட்க வைக்கும் அழைப்பிதழ்கள் எங்கள் வீட்டுக்கு வந்ததுண்டு. மருந்து உறை, பேருந்துத் தடப் பலகை, தேர்வு அட்டவணை ஆகியவற்றில் அதைக் கண்டால் அச்சிட்டவரைக் கடிந்துகொள்ளலாம். பத்தி பத்தியாக அதிலே அச்சிடுவது, பந்தியில் பாயசத்தையே சோற்றுக்குப் பதிலாகப் பரிமாறுவது போன்றது.

மாமாவின் தொழிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். சுவரில் எழுதுமுன் நீலப்பொடி தோய்த்த நூலை இருவர் பிடித்துச் சுண்டுவார்கள்; நேர்க்கோடு விழும். இதற்கு நூல் அடித்தல் என்று பெயர். (எங்கள் குடும்பத்தில் இரண்டு தொழிலும் நூலில்தான் தொடங்குகின்றன.) பிறகு சொற்களை விரலால் காற்றில் எழுதி இடம் அளப்பார். சுவருக்குப் பவுடர் வண்ணம், தகரப் பலகைக்கு எனாமல். 2000-க்குப் பிறகு பிளக்ஸ் பேனர் பரவியது. ஒரு நாள் வேலையை ஓர் இயந்திரம் சில நிமிடங்களில் அச்சிட்டுத் தள்ளியது. மாமா இப்போது லாரிகளுக்கும் சில பள்ளிச் சுவர்களுக்கும் மட்டும் எழுதுகிறார். ஒருநாள் நாங்கள் இருவரும் பேருந்துக்கு நின்றபோது எதிரே இருந்த பிளக்ஸில் தூரிகை எழுத்தைக் காட்டி, “இது யார் கை?” என்று கேட்டார். கை இல்லை மாமா, எழுத்துரு என்றேன். “இல்லடா, மொதல்ல யாரோ ஒருத்தன் எழுதியிருப்பான் இல்ல?” என்றார். அவர் சொன்னது உண்மைதானே! தில்லியில் ஹனீஃப் குரேஷி என்னும் கலைஞர் (2024-இல் மறைந்தார்) தெருப் பெயிண்டர்களின் எழுத்துகளை வாங்கி, அவர்கள் பெயரிலேயே எழுத்துருக்களாக்கும் பணியைத் தொடங்கியதைப் பிறகு படித்தேன். தமிழில் இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸ் அமைத்த ‘கவிவாணர்’ என்னும் சாய்ந்த கையெழுத்து எழுத்துரு, கூகுள் எழுத்துருத் தொகுப்பில் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தக் கிடைக்கிறது.

ஆகவே சென்ற கோடை விடுமுறையில் நானும் துணிந்தேன். மாமாவிடம் வெள்ளைத்தாளும் கறுப்பு மையும் தந்து, “ககர வரிசையை எழுதுங்க மாமா” என்றேன். தூரிகையை நனைத்தார்; தாளைப் பார்த்தார்; வைத்துவிட்டார். “தனியா ஒரு க எழுதுன்னா எப்படிடா எழுதறது? எந்த செவுரு? பக்கத்துல என்ன எழுத்து?” என்றார். தனி எழுத்து என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை. கடைப் பெயரும் கட்சிப் பெயரும் ஊர்ப் பெயரும்தான் உண்டு. எழுத்துருவோ தனி எழுத்துகளால் மட்டுமே ஆனது. இந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பிறகு சொற்களாகவே எழுதச் சொன்னேன். கற்பூரம், குத்துவிளக்கு, கூரை, கீரை, மிளகாய் மண்டி என்று பட்டியல் போட்டுக்கொண்டு போனேன். அவர் எழுதினார், நான் கைப்பேசியில் படமெடுத்து, இலவச மென்பொருளில் புள்ளி வைத்துக் கைப்பிடி இழுத்து வளைவாக்கினேன். ஒரு பெரிய வேலைப் பலகைக்குக் கிடைக்கும் கூலியை அவர் கேட்கவில்லை. ஆனால் எழுத்துரு வெளிவந்தால் அவர் பெயர் அதில் இருக்க வேண்டும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

இதுவரை 94 வடிவங்கள் முடிந்துள்ளன. ஙகர வரிசையில் சிக்கிக்கொண்டோம். ங், ங தவிர மற்றவை எந்தச் சொல்லிலும் வருவதில்லை. வரிசை நிறைய வேண்டுமே என்பதற்காக எழுதியாக வேண்டும். ஙூ எப்படி இருக்கும் என்று மாமா கேட்டார். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட அதை அவர் எழுதியதில்லையாம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் தங்கையின் அரிச்சுவடி அட்டையைக் கொண்டுவந்து காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு ஒரே மூச்சில் எழுதினார். எழுந்து நாலடி தள்ளிப் போய், சுவரைப் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது எந்த வார்த்தையில வரும்?”

“எதிலயும் வராது மாமா.”

திரும்ப வந்து உட்கார்ந்து, அதன் வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.